சேரைக் கல்வழியால் கூட்டிப் போனோம்

நான் ஹாட்வெயார் கடையில் நிற்கிறவன். என் கூட்டாளி ஓட்டோ ஓட்டுகிறவன். தேற்றாத்தீவில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தோம். நாற்பது வயதுக்குப் பிறகு இருவருக்கும் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாட்களில் விடியக் கிளம்பி, குருக்கள்மடத்தில் பாதை என்கிற இரும்பு மிதவையில் சைக்கிள்களை ஏற்றி, வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போவோம். வயல் வட்டைகள் முடிந்து, யானை வேலியும் தாண்டினால் மலையடிவாரம். அங்கே ஓர் ஆறு பாறையைப் பிளந்துகொண்டு இறங்குகிறது. இரண்டு பக்கமும் செங்குத்தாகக் கல். நடுவில் பச்சைத் தண்ணீர். நாங்கள் அந்த இடத்தை வெடிப்பு என்போம்.

ஒரு போயா நாள் காலை துறையில் பாதைக்குக் காத்து நின்றபோது சேர் வந்தார். எட்டாம் வகுப்பில் எங்களுக்குக் கணிதம் படிப்பித்தவர். ஓய்வு பெற்றுவிட்டார். தலை முழுக்க வெள்ளை. கையில் கியர் வைத்த புதுச் சைக்கிள்.

"மகன் அனுப்பினவன். சீனி வருத்தத்துக்கு ஓடச் சொல்லி டொக்டர் சொல்றார்," என்றார். "நீங்க எந்தப் பக்கம்?"

வெடிப்பைப் பற்றிச் சொன்னேன். அவருடைய முகம் மலர்ந்தது. "நானும் வரட்டா தம்பி? அப்படி ஒரு இடம் இருக்கெண்டு இவ்வளவு காலம் தெரியாமப் போச்சே."

என்னை அவருக்குக் கடையில் கண்டு பழக்கம். பிறகு என் கூட்டாளியைப் பார்த்து, "தம்பி எந்த ஊர்? எங்க படிச்ச நீங்க?" என்று கேட்டார்.

அவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் படிக்கல்ல சேர்," என்றான்.

அவனுக்குக் கொன்னை இருக்கிறது, பேச்சுத் திக்கும். பழகிய ஆட்களோடு கதைக்கும்போது அவ்வளவாக வராது. எட்டாம் வகுப்பில் கடுமையாக இருந்தது. சேர் அவனை வாங்குப் பலகையில் ஏற்றி நிறுத்தி ஏழாம் வாய்ப்பாடு சொல்ல வைப்பார். ஏழு என்ற சொல்லின் முதல் எழுத்திலேயே அவன் சிக்கிக்கொள்வான். ஒவ்வொரு தரம் சிக்கும்போதும் சேர் பிரம்பால் மேசையில் ஒரு தட்டுத் தட்டி, "ஒண்டு... ரெண்டு... மூண்டு..." என்று எண்ணுவார். வகுப்பு முழுக்கச் சிரிக்கும். பத்து வந்தால் அடி. அடுத்த வருடம் அவன் பள்ளிக்கூடத்துப் பக்கமே வரவில்லை. தகப்பனோடு வாவியில் வலை இழுக்கப் போய்விட்டான். சேருக்கு அவனைத் தெரியவில்லை. மறந்ததுபோல் நடிக்கவில்லை, உண்மையாகவே தெரியவில்லை.

பாதை நடு வாவிக்கு வந்தபோது அவன் என் காதுக்குள் சொன்னான்: "கல்வழியால போவம்."

வெடிப்புக்கு இரண்டு வழி. குளத்துக்கட்டால் போனால் மண் ரோட்டு, பிள்ளைகளும் ஓடலாம். கல்வழி என்பது பழைய மாட்டுத்தடம். ஏற்றம், முள், உருட்டுக்கல், ஆற்றை மூன்று தரம் கடக்க வேண்டும். நான் தலையாட்டினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

முதல் மரநிழலில் சேர் பையைத் திறந்து இடியப்பப் பார்சல்களை எடுத்தார். மூன்று. துறையில் யாராவது கூட்டாளி கிடைத்தால் கொடுக்கலாம் என்று மனைவி கூடுதலாகக் கட்டித் தந்தாவாம். நாங்கள் எங்கள் பங்கைச் சாப்பிட்டோம். மீன் குழம்பு நல்ல ருசி. அவர் சீனி வருத்தத்துக்கான குளிசையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, தன் பார்சலைப் பிரிக்கப் போனார். என் கூட்டாளி எழும்பி, "வெயில் ஏறுது சேர். போவம்," என்றான். அவர் அதைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததை சைக்கிள் ஓடுகிறவர்கள் உடனே விளங்கிக்கொள்வார்கள். முன்னால் வேகமாகப் போவோம். நிழலில் உட்கார்ந்து இளைப்பாறுவோம். சேர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்து ஒரு காலைக் கீழே ஊன்றியதும், எழும்பிப் போய்விடுவோம். பார்க்கிறவனுக்கு நாங்கள் அவருக்காகக் காத்து நின்ற மாதிரித்தான் தெரியும். இப்படி ஆறு தரம். மூன்றாம் தரம் அவருடைய சேட்டு தோளில் ஒட்டியிருந்தது. ஐந்தாம் தரம் முழங்காலில் இரத்தம். எங்கேயோ விழுந்திருக்கிறார், சொல்லவில்லை. "நீங்க நல்லா ஓடுறீங்க தம்பி," என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதையும் எழுதத் தேவையில்லை.

வெடிப்பின் விளிம்புக்கு வந்ததும் சேர் களைப்பை மறந்துவிட்டார். கீழே தண்ணீரில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. "இறங்கலாமா?" என்று கேட்டார்.

"இறங்கலாம் சேர். பிரச்சினை இல்ல," என்றான் கூட்டாளி.

அந்த இடத்தால் நாங்கள் ஒருநாளும் இறங்கியதில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி, வேர் பிடித்து ஏறி இறங்கத்தக்க இடம் ஒன்று இருக்கிறது. சேர் பாதி வழியில் சறுக்கி, கீழே தண்ணீரோரம் கல்லில் போய் உட்கார்ந்தார். பெரிய காயம் இல்லை. கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார், முகம் கழுவினார். பிறகு ஏறப் பார்த்தார். பாறை வழுக்கியது. இரண்டாம் தரமும் வழுக்கியது.

"தம்பி, கையக் கொஞ்சம் தாங்க."

அந்த இடத்தில் பாறை ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட, கை எட்டுகிற தூரம்தான். என் கூட்டாளி விளிம்பில் குந்தினான். கையை நீட்டவில்லை.

"ஏ... ஏ... ஏ..." என்று தொடங்கினான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. "ஏ... ஏழாம் வா... வாய்ப்பாடு சொ... சொல்லுங்க சேர்."

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு. அது இரண்டு பக்கப் பாறையிலும் பட்டுத் திரும்பி வந்தது. அவன் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்த மாதிரி இருந்தது.

கீழே சேர் அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. "ஓரேழு ஏழு," என்று தொடங்கினார். "ஈரேழு பதினாலு. மூவேழு இருபத்தொண்டு. நாலேழு..." அங்கே நின்றார். உதடு நடுங்கியது. "நாலேழு..." என்றார் திரும்பவும். அந்த மனிதருக்கு நாலேழு மறக்கக்கூடியதல்ல. நெற்றியெல்லாம் வியர்வை, கண் எங்கேயோ போனது. அப்படியே பக்கவாட்டில் தண்ணீருக்குள் சரிந்தார்.

முதலில் குதித்தவன் அவன்தான். நான் வேர்ப்பக்கம் ஓடி இறங்கி வருவதற்குள் சேரின் தலையை மடியில் வைத்திருந்தான். குளிசை போட்டவர் சாப்பிடவில்லை, சீனி இறங்கிவிட்டது. என் பையில் குளுக்கோஸ் பக்கற் ஒன்று இருந்தது. வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். பத்து நிமிடத்தில் கண்ணைத் திறந்தார். அவருடைய பார்சலைப் பிரித்து அவனே ஊட்டிவிட்டான்.

திரும்பிக் குளத்துக்கட்டால் வந்தோம். மண் ரோட்டைக் கண்டதும் சேர் ஒரு தரம் நின்று பார்த்தார். அவரை அவன் தன் சைக்கிளில் ஏற்றி மிதித்தான். நான் என்னுடையதையும் அவருடையதையும் சேர்த்து உருட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

மிதவைப் பாதையில் ஏறியதும் சேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று நான் நினைத்தேன்.

"இவ்வளவு வயசாகியும் உனக்குக் கொன்னை போகல்லையே," என்றார். "அப்பவே இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சிருக்கோணும்."

அக்கரை வந்ததும் அவன் அவருடைய சைக்கிளை இறக்கிக் கையில் கொடுத்தான். அவர் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் சைக்கிள் ஓடி நான் காணவில்லை. பின்னேரங்களில் கடற்கரையில் நடக்கிறாராம்.

அடுத்த போயாவுக்கு அவன் வரவில்லை. ஓட்டோவுக்கு வேலை இருக்கிறது என்றான். அதற்கடுத்த போயாவுக்கும் அதையே சொன்னான். ஒருநாள் அவனுடைய ஓட்டோ நிற்கிற இடத்துக்குப் போய் நேரே கேட்டேன்.

"சேருக்குச் செஞ்சதுக்கா மச்சான்? ரெண்டு பேரும்தானே செஞ்சம்."

"அதுக்கில்ல." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அண்டைக்கு எ... எதுக்குச் சிரிச்ச நீ?"

சேரைப் பார்த்துத்தான் சிரித்தேன் என்று சொன்னேன்.

"வகுப்பிலயும் நீதான் பக்கத்து வாங்கில இருந்த," என்றான். "எனக்கு உன்ட சிரிப்புத் தெரியும்."

ஒரு பெண்பிள்ளை குழந்தையோடு வந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். ஓட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் அவனுக்குச் சொன்னது பொய்யா என்று பல தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். சேர் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றதும், இவன் மேலே அந்த எழுத்தில் சிக்கி நின்றதும் ஒரே நேரத்தில் நடந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. சேருக்காக என்றால் முன்னமே வந்திருக்க வேண்டும். அவர் சறுக்கியபோது நான் சிரிக்கவில்லை.

அவன் இப்போது மாங்கேணிப் பக்கம் யாரோ பொடியன்களோடு சைக்கிள் ஓடுகிறான் என்று கேள்வி. நான் தனியாகத்தான் மலைப்பக்கம் போய் வருகிறேன். வழியில் கண்டால் கை காட்டுவான். நிற்பதில்லை.