முருகப்பன் யானைக்கு வந்த போட்டி

மலேசியாவின் பொந்தியானில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் முருகப்பனுக்கு இரண்டு இதயங்கள். ஒன்று சட்டைக்குள் இருக்கிறது. இன்னொன்று அவர் வீட்டு முன்கூரையின் கீழ், விரித்த அட்டையின்மேல், எண்ணெய் சொட்டிக்கொண்டு நிற்கிறது.

அது ஓர் இங்கிலாந்து மோட்டார் சைக்கிள். ரப்பர்த் தோட்டத்து வெள்ளைக்கார மானேஜர் ஊருக்குக் கப்பலேறியபோது முருகப்பனின் அப்பா வாங்கியது. ஒற்றைச் சிலிண்டர், கறுப்பு டாங்கி, அதன் விளிம்பில் தங்கக் கோடு. ஊர் அதற்கு வைத்த பெயர் யானை. அது கிளம்புகிற சத்தத்தில் பக்கத்துக் குக்குப் கடற்கரையில் காயப்போட்ட கருவாடு துள்ளி எழுந்து திரும்பவும் கடலில் விழுந்ததாகச் சொல்வார்கள். கருவாட்டை நான் பார்க்கவில்லை. ஆனால் எதிர்வீட்டுக்காரர்களாகிய நாங்கள் சன்னல் கண்ணாடியை இரண்டு முறை மாற்றியிருக்கிறோம்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. செட்டிநாட்டில் மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வரும். பொந்தியானில் குதிரைக்கு எங்கே போவது? முருகப்பனின் அப்பா யோசித்து, இந்த வண்டியையே குதிரையாக்கிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பெண்ணைக் கட்ட வருகிற மாப்பிள்ளை எவராக இருந்தாலும், பிள்ளையார் கோயிலிலிருந்து பெண்வீடு வரை யானையின் பின்னிருக்கையில்தான் வரவேண்டும். மேளம் முன்னால், யானை நடுவில், பெண்கள் பின்னால். ஓட்டுவது முன்பு அப்பா, பிறகு முருகப்பன். ஆண்டு முழுவதும் பித்தளைத் தாழ்ப்பாள் விற்கிற மனிதர் அந்த ஒரு காலைப்பொழுதில் மட்டும் ராஜாவாக இருப்பார். அவருக்கு வேறு கிரீடம் கிடையாது.

இப்போது அவருடைய தங்கை மலரின் மகள் விசாலிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அர்ஜுன், ஜொகூர் பாருவில் வங்கி வேலை. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, விசாலியின் அண்ணன் விவேக் தன் புது வண்டியில் வந்து இறங்கும் வரை.

விவேக் பாசிர் கூடாங்கில் ரசாயன ஆலை எஞ்சினியர். ஷிப்டு ஷிப்டாக உழைத்து, ஜெர்மனியில் செய்த மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தான். அதில் டெலிவிஷன் மாதிரி ஒரு திரை. சாவியைச் செருக வேண்டாம். சட்டைப்பையில் இருந்தால் போதும், பொத்தானை அமுக்கினால் உறுமும். உயரமோ, அதன்மேல் உட்கார்ந்தால் சிங்கப்பூரில் துணி காய்வது தெரியும்.

அதைக் கொண்டுவந்து யானைக்குப் பக்கத்தில் நிறுத்தினான். அங்கேதான் வினை. ஊரே அண்ணாந்து பார்த்த யானை, ஒரே நொடியில், பால்காரர் சைக்கிள் அளவுக்குச் சுருங்கிப்போயிற்று.

மாமன் வீட்டுக்கு வந்திருந்த விசாலி வெளியே வந்து பார்த்தாள். தாய்மாமனை அவர்கள் அம்மான் என்பார்கள்.

"அலமாக்! அம்மான், ஒங்க பைக் இப்பத்தான் எவ்ளோ குட்டியா தெரியுது! ரொம்ப கியூட்லா!"

முருகப்பனை முகத்துக்கு நேரே கஞ்சன் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கடைக்குப் போய் இரும்பு டேப்பை எடுத்து வந்தார். முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை இரண்டு வண்டிகளையும் அளந்தார். ஒரு சாண் வித்தியாசம்கூட இல்லை. உண்மையிலேயே இல்லை, டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் நான்.

"பாத்துக்கிட்டீங்களா? எல்லாம் பிளாஸ்டிக். அத உரிச்சுப் போட்டா உள்ள ஒண்ணுமில்ல. நனைஞ்ச பூனை!" என்றார். மேளக்காரரிடம் சொன்னார், பூக்கட்டுகிறவளிடம் சொன்னார், பெட்ரோல் நிலையத்தில் மலாய்க்காரப் பையனிடம் மலாயில் சொன்னார். டேப்பை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் பெரிய வண்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் மனைவி வேதநாயகி வாசலில் நின்று இதையெல்லாம் ரசித்தார். அவர் ஒருநாளும் யானைமேல் ஏறியதில்லை. புதுப்பெண்ணாக வந்த முதல் வாரத்தில், தன்னுடைய கூறைப்புடவையைச் சுற்றி வைத்திருந்த மெல்லிய துணியைக் கணவர் எடுத்து டாங்கியைத் துடைத்ததைப் பார்த்தவர் அவர்.

"வயிறு எரியுதா?" என்றார்.

"எனக்கு எதுக்கு எரியணும்?"

"எரியும். நல்லா எரியும். கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கு, ஒங்க வாசல்ல நிக்கிற அந்தச் சக்களத்தியால. இப்ப ஒங்க முறை."

"அது ஒரு மிஷினு, வேதா."

"விவேக் வண்டியும் மிஷினுதான். அதப் பாத்து நீங்க ஏன் முழிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

மறுநாள் மலர் தயங்கித் தயங்கி வந்தாள். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அர்ஜுன் விவேக் வண்டியில வரட்டுமே. போன கல்யாணத்துல மாப்பிள்ளை வண்டியில வரல, வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தாரு. வேட்டியெல்லாம் எண்ணெய்."

"எஞ்சின் வேல செஞ்சா வேர்க்கத்தான் செய்யும்."

"அந்த வேர்வை பட்டு வேட்டியில போகலண்ணே."

கிரீடம் விவேக் தலைக்குப் போய்விட்டது.

கல்யாணத்தன்று காலை கோயில் வாசலில் புது வண்டிக்குப் பூஜை. அதற்கு முன்னால் மலர் வழக்கம்போல வண்டிச் சாவியை அர்ச்சனைத் தட்டில் வைத்தாள். புது வண்டி என்றால் சாவி பிள்ளையார் காலடிக்குப் போய்வரவேண்டும் அல்லவா? குருக்கள் அர்ச்சனை முடித்து, தட்டோடு வாசலுக்கு வந்து, வண்டிக்குக் கற்பூரம் காட்டினார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கைப்பிடியிலிருந்து திரை வரை சாமந்தி மாலை. அர்ஜுன் தலைக்கவசத்துக்குமேல் தலைப்பாகை கட்டிக்கொண்டு பின்னால் ஏறினான். விவேக் பொத்தானை அமுக்கினான். தட்டு பக்கத்திலேயே இருந்ததால் வண்டி உடனே உறுமியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. மேளம் கிளம்பியது.

குருக்கள் தட்டோடு உள்ளே திரும்பினார். தட்டில், பூக்குவியலுக்கு அடியில், சாவி.

இதை ஒரே ஒருவர் பார்த்தார். முருகப்பன் ஓரமாகத் தன் யானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கூப்பிடாவிட்டாலும் பின்னால் வருவதென்று பிடிவாதம். சாவியைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு ஒரு கணம் நின்றார். பிறகு, கையிலிருந்த பிரசாதச் சுண்டலை அள்ளி அந்த வாயில் போட்டுக்கொண்டார்.

ஊர்வலம் நன்றாகத்தான் போயிற்று. ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்த வண்டி சாவியைத் தேடாது. திரையில் மட்டும் எச்சரிக்கும். திரையைச் சாமந்தி மூடியிருந்தது. நடை வேகத்தில் போகப் போக அதன் உடம்பு கொதித்து, உள்ளேயிருந்த விசிறி சுற்ற ஆரம்பித்தது. தாமான் என்கிற குடியிருப்பின் முனையில் பெண்வீட்டு உறவுக்காரர் அங்கம்மா ஆலத்தித் தட்டோடு காத்திருந்தார். கற்பூரம் ஏற்றினார், அணைந்தது. மறுபடியும் ஏற்றினார், மறுபடியும் அணைந்தது.

"ஏம்ப்பா, ஒன் வண்டி என்ன மூச்சு விடுது! பெரிய மூச்சா விடுதே! கொஞ்சம் நிறுத்துப்பா, கற்பூரம் நிக்க மாட்டேங்குது!"

விவேக் நிறுத்தினான். ஆலத்தி சுற்றியாயிற்று. பொத்தானை அமுக்கினான். ஒன்றுமில்லை. மாலையை விலக்கினான். சாவி எங்கே என்று திரை கேட்டது. விவேக் வேட்டி மடிப்பைத் தடவினான், சட்டைப்பையைத் தடவினான், மாப்பிள்ளையின் சட்டைப்பையையும் தடவினான். மேளக்காரர் வாசித்த வரியையே திரும்பத் திரும்ப வாசித்தார்.

"டேய் விவேக், நல்ல நேரம் போகுது!" என்றாள் மலர்.

அப்போது பின்னாலிருந்து 'டும்' என்று ஒரு சத்தம். அன்று யானை ஒரே உதையில் கிளம்பிற்று. அந்தச் சத்தத்தில் தாமானில் இருந்த பூனைகளெல்லாம் பத்து பகாட் ஊர் வரை ஓடி, மறுநாள் பஸ்ஸில் திரும்பி வந்தன. முருகப்பன் மார்பை நிமிர்த்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தார்.

"ஏறுங்க மாப்பிள்ளை."

அர்ஜுன் ஏறினான். யானை ஒரு தடவைகூட இருமாமல் பெண்வீட்டு வாசல் வரை போயிற்று. எல்லாரும் படம் எடுத்தார்கள். "அம்மான் வண்டி அம்மான் வண்டிதான்லா!" என்று விசாலியே மாடியிலிருந்து கத்தினாள். அவர் முப்பத்திரண்டு பற்களையும் காட்டிச் சிரித்தார்.

சிரிப்போடு திரும்பிப் பார்த்தார். தெருக்கோடியில், வெயிலில், அந்தப் பெரிய வண்டியை நாலு பேர் மூச்சுவாங்கச் சாக்கடை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். பூட்ட முடியாத வண்டியை விட்டுவிட்டு வர விவேக்குக்கு மனமில்லை. தங்கைக்குத் தாலி ஏறப்போகிற நேரத்தில் அண்ணன் நடுத்தெருவில் நின்றான். பக்கத்தில் ஒரு குடை. குடையைப் பிடித்திருந்தவர் வேதநாயகி.

முருகப்பன் நடந்து போனார். என்ன சொல்வது என்று தெரியாமல், "என்ன, பெரிய வண்டி படுத்திருச்சா?" என்றார்.

வேதநாயகி அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "நீங்க பாத்தீங்க."

"எதை?"

"நீங்க சுண்டலே தொட மாட்டீங்க. வாயு, வாயும்பீங்க. இன்னிக்கி ரெண்டு கை அள்ளிப் போட்டீங்க. எதையோ சொல்ல வந்து முழுங்குன வாய் அது. எனக்குத் தெரியாதா? சாவி எங்க?"

முருகப்பன் தன் செருப்பைப் பார்த்தார். "பிள்ளையார்கிட்ட."

"அந்தப் பையன் மொகத்தப் பாருங்க. தங்கச்சி கல்யாணம்ங்க."

பார்த்தார். விவேக் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரையைத் துடைத்துக்கொண்டிருந்தான், சட்டை முனையால், மெதுவாக. டாங்கியைத் துடைக்கிற தன் கையையே யாரோ எதிரில் பிடித்துக் காட்டியது போலிருந்தது முருகப்பனுக்கு.

பெண்வீட்டு வாசலுக்குத் திரும்பினார். யானையை உதைத்தார், பறந்தார். நடை சாத்தி வீட்டுக்குப் போயிருந்த குருக்களை இலைமுன்னிருந்து எழுப்பி, பின்னிருக்கையில் உட்காரவைத்துக் கோயிலுக்குக் கொண்டுவந்தார். அந்த வேகத்தில் குருக்கள் சொல்லாத மந்திரம் இல்லை. சாவியோடு முருகப்பன் திரும்பியபோது தவில் இன்னும் கெட்டிமேளத்துக்கு வரவில்லை.

"எப்படி அம்மான் கண்டுபிடிச்சீங்க?" என்றான் விவேக்.

"யோசிச்சேன்," என்றார் முருகப்பன்.

வேதநாயகி இருமினார்.

"நான் பாத்தேன்டா," என்றார் முருகப்பன், இரும்புக் கதவைத் திறப்பது போன்ற குரலில். "கோயில்லயே பாத்தேன். சொல்லல."

விவேக் அவரைப் பார்த்தான், யானையைப் பார்த்தான், பிறகு சிரித்துவிட்டான். "எனக்கும் வயிறு எரிஞ்சிருக்கு அம்மான். சின்ன வயசுலேருந்து ஒங்க வண்டியில கை வைக்க விட மாட்டீங்க. அந்தக் கடுப்புலதான் இத வாங்குனேன்." பொத்தானை அமுக்கினான். பெரிய வண்டி, ஒன்றுமே நடக்காதது போல, உறுமியது. "அத்தை, ஏறுங்க. நடந்து போனா தாலி கட்டி முடிஞ்சிரும்."

வேதநாயகி பட்டுப்புடவையை ஒரு கையால் பிடித்து, சாக்கடைத் திட்டில் கால் வைத்து, எத்தனையோ வருடமாக இதற்கே பழகியவர் போல ஏறி உட்கார்ந்தார். இருக்கையை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"சீட்டு நல்லா மெத்துனு இருக்கு. அகலமா இருக்கு. ஒரு சொட்டு எண்ணெய் இல்ல. ஏங்க, நீங்க பின்னால வந்துருங்க."

போய்விட்டார்கள்.

முருகப்பன் யானையை உதைத்தார். கிளம்பவில்லை. மறுபடியும் உதைத்தார். யானை ஒரு தும்மல் போட்டுவிட்டு அவர் வேட்டியில் எண்ணெய் தெளித்தது. தெருமுனையில் வேதநாயகி திரும்பிப் பார்த்துக் கை ஆட்டினார். முருகப்பன் பதிலுக்கு ஆட்டவில்லை. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, தூரத்தில் போகிற பெரிய வண்டியின் முதுகு எவ்வளவு அகலம் என்று கண்ணாலேயே அளந்துகொண்டு நின்றார்.