என் குரலுக்கு வேலை இருக்கிறது

நேற்றுக் காலை பெங்களூர் நீலசந்திராவில் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கைப் பெண்ணின் போனில் நான் பேசிக்கொண்டிருந்தேன். எந்தத் தெருவில் தண்ணீர் வராது, எங்கே சாலையைத் தோண்டியிருக்கிறார்கள் என்றெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அதில் ஒரு சொல்கூட நான் சொன்னதில்லை. நானோ வேலை தேடிப் போய்க்கொண்டிருந்தேன். பொறுக்காமல், அதில் பேசுவது நான்தான் என்று அவளிடம் சொன்னேன். "சாரிக்கா, சவுண்டு ஜாஸ்தியா வெச்சிட்டனா?" என்று பதறி என் சத்தத்தைக் குறைத்துவிட்டாள்.

திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் மைக் பிடித்து ஆடித் தள்ளுபடி கூவியவள் நான். முதலாளி வாய்க்கு வந்தபடி ஏசுவார். ஆனால் எனக்குத் தொண்டை கட்டினால் கடை ஊமையாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். சுக்குக் காப்பி வாங்கிவரச் சொல்லி, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். அது அன்பில்லை, வியாபாரம்தான். அந்த வியாபாரத்துக்கு நான் தேவைப்பட்டேன்.

பெங்களூரில் எனக்கு வேலை கொடுத்தவர் பிரபு. கோலார் தங்கவயலில் பிறந்தவர். இங்குள்ள தமிழர்களுக்காகத் தினமும் ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறார். என் குரல் அவருக்குப் பிடித்தது, என் தமிழ் பிடிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சு இங்கே எடுபடாது என்றார். 'அங்கன', 'வந்தாவ' எல்லாவற்றையும் நாக்கிலிருந்து சுரண்டினேன். வேகமாகப் பேசினால் மட்டும் ஒன்றிரண்டு தவறி விழும். எங்களிடம் இருந்த எடிட்டிங் சாப்ட்வேர் இலவசமானது, கிழடு. நெளிநெளியாய் ஓடும் கோட்டில் அந்த ஒரு சொல்லைத் தேடி வெட்டுவதற்குள் பேன் பார்த்தது போலக் கண் பூத்துவிடும்.

புதிதாக ஒன்று வாங்கலாம் என்றானதும், தேர்ந்தெடுக்கும் பொறுப்பை பிரபு என்னிடமே தந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றை இறக்கிப் பார்த்தேன். ஒன்று குக்கர் விசிலையும் ஹாரனையும் அழகாக நீக்கியது, கூடவே சொல்லின் வாலையும் நறுக்கியது. இன்னொன்று இசைக்காரர்களுக்கானது, அதன் பொத்தான்களைப் படிக்கவே ஆயுசு போதாது. மூன்றாவதில் பேச்சு எழுத்தாக விரிந்தது. தப்பான சொல்லை அழித்துச் சரியானதைத் தட்டினால் என் குரலிலேயே சொன்னது. விலையைப் பார்த்து பிரபு தயங்கினார். நான்தான் விடாமல் நச்சரித்து வாங்கவைத்தேன். அதற்கு என் குரலைப் பழக்க வேண்டுமாம். ஒரு நாள் முழுக்க, நெல்லை வாடையே இல்லாமல், பெங்களூர்த் தமிழில் வாசித்துக் கொடுத்தேன். சொந்தக் காசில்கூட இல்லை, கம்பெனிக் காசில் எனக்கு நானே சூனியம் வைத்துக்கொண்டேன்.

முதலில் சொற்களைத் தட்டினார்கள். பிறகு வரிகளை. எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் முழு நிகழ்ச்சியையும் தட்டிவிட்டார்கள். கேட்பவர்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இப்போதுதான் உச்சரிப்பு தெளிவாக இருக்கிறது என்று சிலர் பாராட்டவும் செய்தார்கள். காய்ச்சல் விட்டு நான் போனபோது பிரபு எனக்கு டீ சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். வாய்ஸ்தான் நம்மகிட்ட கீதே. சும்னே டிராபிக்ல கஷ்டப்பட்டு நீங்க எதுக்கு வரணும்?"

என் கஷ்டத்தைத் தீர்த்துவைத்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது. என் குரலை அழித்துவிடுங்கள் என்றேன். ஆபீசில் பதிந்தது ஆபீசுக்குத்தான் என்றார். டீ நன்றாகவே இருந்தது. அதற்காகவும் அந்த மனிதரை வெறுக்கிறேன்.

ஊரிலிருந்து இங்கே வரத் துடிப்பவர்கள் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த நகரம் யாரையும் விரட்டாது. வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மரியாதையாக வீட்டுக்கு அனுப்பும்.

பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் தினமும் அந்த நிகழ்ச்சியைத் தெருவுக்கே கேட்கும்படி வைக்கிறாள். இன்று துணிந்து அவளுக்குப் போன் செய்தேன். வேலை போய்விட்டது, ஊருக்கே வந்துவிடட்டுமா என்று கேட்க நினைத்தேன். சாப்பிட்டாயா என்று மட்டும் சுரத்தில்லாமல் கேட்டேன். பழைய பேச்சும் வாயில் வரவில்லை.

"என்னட்டி, செத்தவ மாதிரி பேசுத? அதுல மட்டும் எவ்வளவு கலகலன்னு பேசுத. பெத்தவட்ட பேசத்தான் வாய் வலிக்கோ?"

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"இருட்டி, உன் நிகழ்ச்சி வந்துட்டு. கேட்டுட்டுக் கூப்பிடுதேன்."

வைத்துவிட்டாள். இந்நேரம் அங்கே அவள் வீட்டில் நான் சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்லியிருப்பேன்.