மேல்காட்டின் ஒரே பிரதி

நான் பொய் சொன்னேன். என்னால் அழிந்துபோன ஒன்றை, இருந்ததே இல்லை என்று சொன்னேன். அந்தப் பொய்யால் ஒருத்தி தன் வீட்டைக் காலி செய்துவிட்டு மலையிறங்கினாள்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது...

போடியில் ஓர் ஏலத்தோட்டக் கம்பெனியின் அலுவலகத்தில் எண்பதுகளின் நடுவில் சேர்ந்தேன். மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவன் என்ற மிதப்பு எனக்கு. மலையில் தொழிலாளர் வருகைப் பதிவேட்டை எழுதும்போதே கார்பன் தாள் வைத்து நகல் எடுப்பார்கள். அசல் மலையில் தங்கும். நகல் ஜீப்பில் போடிக்கு இறங்கும். மலை ஈரமும் கறையானும் சில வருடங்களில் அசலைத் தின்றுவிடும். நகல்தான் நிற்கும்.

அந்த நகல்களைக் கம்ப்யூட்டரில் அடித்துப் பிளாப்பித் தட்டுகளுக்கு மாற்றுவதுதான் என் வேலை. ஒரே மூச்சில் அல்ல. தோட்டத்தின் ஒரு பிரிவை, அதாவது ஒரு டிவிஷனை, முழுதாக ஏற்றி, இரண்டு தட்டுகளில் பதிந்து, இரண்டையும் தாளோடு ஒப்பிட்டு, அதன் பிறகே அந்தத் தாள்களைக் கழிக்க வேண்டும். இந்த விதியை எழுதியவனே நான்தான்!

மூன்று டிவிஷன்கள் அப்படித்தான் முடிந்தன. இரண்டு வருடங்கள்! எனக்கோ பொறுமை இல்லை. நான்காவது மேல்காடு. சின்ன டிவிஷன்; எப்போதோ மூடப்பட்டு ஆட்கள் சிதறிவிட்டார்கள். யார் வந்து கேட்கப் போகிறார்கள்? மதுரையிலிருந்து புதுத் தட்டுகளும் வரவில்லை. கையில் மிஞ்சியிருந்த ஒன்றிலேயே எல்லாவற்றையும் ஏற்றினேன். 'இரு பிரதிகளும் சரிபார்க்கப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாளே தாள்களைப் பழைய பேப்பர்காரரிடம் தள்ளினேன். அறை காலியானதில் எத்தனை மகிழ்ச்சி எனக்கு!

முதலாளி மலைக்கு வருகிறார் என்றார்கள். வேலை முடிந்ததைக் காட்டத் தட்டோடு ஏறினேன். ஆடி மழை. ஆபீஸ் சுவரே வியர்த்துக்கொண்டிருந்தது. ஈரம் பட்டால் தட்டு கெட்டுவிடுமே என்ற ஒரே பயம் எனக்கு. மலையில் நனையக்கூடாத பொருளை எங்கே வைப்பார்கள் தெரியுமா? ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டோரில். தீப்பெட்டி, உப்பு, ரேஷன் கார்டு எல்லாம் அங்கேதான்.

அடுப்புக்கு விறகு தள்ளும் மொக்கராசு என் தயக்கத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"எங் கல்யாண வேட்டியே இங்கதாண்ணே கெடக்கு. ஒங்க கறுப்பு அப்பளத்துக்கு மட்டும் என்ன கேடு? வெரசா வச்சுட்டு வாங்க, கஞ்சி ஆறுது."

வைத்தேன். படித்தவன்... சூட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை! மறுநாள் காலையில் தட்டு வளைந்து நெளிந்து கிடந்தது.

"என்னண்ணே, பொரிஞ்சுருச்சா?"

நானும் சேர்ந்து சிரித்தேன். ஆம், சிரித்தேன்! மழைக்குப் பயந்து முதலாளியும் வரவில்லை. தட்டைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போடிக்கு இறங்கினேன். எத்தனை முறை முயன்றும் கணினி அதைப் படிக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

தை மாதம் பேச்சி வந்தாள். மேல்காட்டில் காய் எடுத்தவள்; அது மூடியபின் கீழ் டிவிஷனில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். இப்போது முட்டி தேய்ந்து சரிவில் ஏற முடியவில்லை. பத்து வருடப் பதிவு இருந்தால் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அறையில் கடைசிவரை இருக்கலாம் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். மேல்காட்டு வருடங்களைப் பார்த்துச் சொல்லும்படி மானேஜர் அவளை என்னிடம் அனுப்பியிருந்தார்.

"எழுவத்திமூணுல இருந்து இருக்கேன் தம்பி. நல்லாப் பாருங்க."

விசைகளைத் தட்டினேன். பார்க்க ஒன்றுமில்லை என்று தெரிந்தே தட்டினேன்.

"எம்பிள்ள தவறுனப்ப மூணு நாள் சோலிக்கு வரல. கணக்கப்பிள்ளை அதக்கூட எழுதுனாரே... அதாச்சும் இருக்கும்ல?"

இருந்தது! அந்த வரியை அடித்தவை என் விரல்கள்தாம். 'பேச்சி, மூன்று நாள் வரவில்லை, பிள்ளை தவறியது.' அந்தப் பிள்ளை இந்தப் பூமியில் இருந்ததற்கு வேறு எழுத்து எங்கும் இல்லை.

'தட்டை நான் கெடுத்துவிட்டேன். ஆனால் இந்தப் பெயரை நான் பார்த்தேன்.' மானேஜரிடம் இவ்வளவு சொல்லியிருந்தால் போதும். வேலை போயிருக்கும்... போகாமலும் இருந்திருக்கலாம்! அதைக்கூட நான் சோதித்துப் பார்க்கவில்லையே.

"மேல்காட்டுப் பதிவுல ஒங்க பேரு இல்லம்மா."

அவள் கோபப்பட்டிருக்கக் கூடாதா? என்னை ஏசியிருக்கக் கூடாதா? திரையைத்தான் பார்த்தாள்.

"மிசினு பொய் சொல்லாதுல்ல தம்பி. எனக்குத்தேன் வருசம் தப்பிருச்சோ என்னமோ."

அந்த மாதமே லயத்தைக் காலி செய்து, சிலமலையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

சில வருடங்கள் கழித்து, போன வாரம் போடி பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். கூட்டத்துக்குள் ஒதுங்கினேன். அவளாகவே தேடி வந்தாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். எம்பிள்ள தவறுனது ஐப்பசினு நெனச்சுக்கிட்டு இருந்தேன். தங்கச்சி ஆவணிங்குறா. மிசினுல பேரு இல்லைன்ன அன்னைக்குல இருந்து எதையும் உறுதியாச் சொல்ல முடியல. நீங்க படிச்ச பிள்ள... எங்கயாச்சும் எழுதியிருக்குமா?"

நான் அடித்த அந்த வரியில் தேதி நவம்பர் முதல் வாரம். ஐப்பசிதான். அவள் நினைவுதான் சரி! சொல் நுனிநாக்குவரை வந்தது. உங்களுக்கெப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டால்...?

"தெரியலம்மா" என்றேன்.

சிலமலை பஸ் வந்தது. படியேற முடியாமல் தடுமாறினாள். கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.

"நல்லாருப்ப அப்பு" என்றாள்.