பல் டாக்டரின் பச்சைக் காரும் கிரவுன் ஆயில் நாற்றமும்

கிரவுன் ஆயில் மாற்றும் மெக்கானிக் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவன் வாடை வந்து கதவைத் தட்டும்.

என்னைப் போல் வண்டிக்கு அடியில் படுத்தே ஆயுளைக் கழிக்கும் தோழர்களே, எனக்கு இழைக்கப்பட்ட முந்தைய அநீதிகளை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது, கெமிக்கல் கம்பெனியில் ஆசிட் டிரம் உருட்டியவர்களுக்குக் கையுறை கேட்டேன். என்னை வெளியே உருட்டினார்கள். இரண்டாவது, கையுறை வந்தது. வாங்கித் தந்தவர் என்று வேறொருவருக்கு மாலை போட்டார்கள். மூன்றாவது, நான் எழுதிய துண்டறிக்கையில் பஜ்ஜி மடித்துத் தரும் கடையிலேயே சங்கக் கூட்டம் நடத்தினார்கள். நான்காவது, காற்றில் அழுகிய முட்டை நாற்றம் வரும்போதெல்லாம் மனு கொடுத்தேன். காற்று திசை மாறிய பிறகு அதிகாரிகள் வந்து, மூச்சை இழுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதிப் போனார்கள். ஐந்தாவது, என் மனைவியின் தம்பி ஆரோக்கியம் என் பட்டறையில் சேர்ந்தான்.

இவ்வளவுக்கும் பிறகு என்னிடம் மிஞ்சிய சொத்து ஒன்றுதான். சூசைமாணிக்கம் விலைபோகாதவன் என்று எங்கள் தெருவில் இருக்கும் பேச்சு. ஒரு கார் அதற்கும் உலை வைக்கப் பார்த்தது.

பல்லுக்குள் பல்

என் பட்டறை கடலூர் முதுநகரைத் தாண்டி, சிதம்பரம் சாலையில், குடிகாட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது. சிதம்பரத்துப் பல் டாக்டர் ஞானப்பிரகாசம் ஒரு பச்சை நிற ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரன் செய்த பழைய வண்டி. இரண்டே ஸீட்டு. உட்காருவது தரையில் உட்காருவது போல. எழுந்திருக்க இன்னொருவர் கை வேண்டும். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவர் மகனுக்கு முதுநகர் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் இந்தக் காரில்தான் போக வேண்டுமாம். ஆனால் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வருகிறது என்றார்.

ஊளையிட்டது டிஃபரன்ஷியல். பட்டறையில் நாங்கள் கிரவுன் என்போம். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே உள்ள இரும்புக் குடம். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாக ஓட வேண்டும், உட்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அவரவர் தேவைக்கு ஏற்ப ஓட்டத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது இதன் வேலை. காரில் எனக்குக் கொள்கை அளவில் உடன்பாடுள்ள உறுப்பு இது ஒன்றுதான். உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் பழைய எண்ணெயில் வறண்டு கத்துகின்றன, எண்ணெயை மாற்றினால் போதும் என்று விளக்கினேன். டாக்டர் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உள்ள ஏதாவது பல்லு ஆடுனா மட்டும் நீங்க தொடாதீங்க தோழரே, அது என் டிபார்ட்மெண்ட்."

மேல் மூடி, கீழ் மூடி

கிரவுனுக்கு இரண்டு மூடிகள் உண்டு. கீழ் மூடியைத் திறந்தால் பழைய எண்ணெய் வெளியே போகும். மேலே பக்கவாட்டில் இருக்கும் மூடி வழியாகப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். இந்தத் தொழிலின் முதல் சட்டம், மேல் மூடி திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழ் மூடியில் கை வைக்க வேண்டும். மாற்றி வைத்தால், பழையதும் போய், புதியதும் நுழைய வழியில்லாமல், வண்டி நின்ற இடத்தில் நிற்கும்.

நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஆரோக்கியம் கீழ் மூடியைத் திறந்துவிட்டான். தார் போன்ற எண்ணெய் முழுவதும் தட்டில் இறங்கியிருந்தது. மேல் மூடியோ அசையவில்லை. நடுவில் சதுரமாக ஒரு குழி. அதில் பொருந்தும் சாவி நம் ஊர்ப் பட்டறைகளில் கிடையாது. அறிவிருக்கிறதா மச்சான் என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "பழசை வெளிய தள்ளுனா புதுசு தானா வந்துடும்னு நீங்கதான மாமா மேடைக்கு மேடை பேசினீங்க."

மனுவில் இல்லாத பெயர்

இறுகிய மூடியைச் சூடு காட்டி இளக்குவது வழக்கம். மத்தியானமெல்லாம் மற்ற வண்டி வேலை. அதனால் சாயங்காலத்தில்தான் கேஸ் டார்ச்சை எடுத்துக் குடத்துக்குச் சூடு காட்டினேன். கிரவுன் ஆயிலில் கந்தகம் கலந்திருக்கும். உள்ளே ஒட்டியிருந்த மிச்சம் காய்ந்து புகைந்தது. தோழர்களே, முட்டை மண்டியே அழுகினாலும் அந்த நாற்றம் வராது. மூடி அசையவில்லை. மறுநாளும் சாயங்காலம் காய்ச்சினேன். அதற்கு மறுநாளும்.

கடைசியில் தெரு திரண்டு பட்டறைக்கு வந்தது. முன்னால் ரோஸ்மேரி. மீன் விற்கிறவள், என்னோடு எல்லா மறியலிலும் உட்கார்ந்தவள். "அண்ணே, கம்பெனிக்காரன் தெனம் சாயங்காலம் கேஸைத் தொறந்து வுடறான். புள்ளைங்க வாந்தி எடுக்குதுங்க. வா, போவலாம்" என்றாள். நான் உண்மையைச் சொன்னேன். கம்பெனி பராமரிப்புக்காக மூடிக் கிடக்கிறது, அவர்கள் மேல் தப்பில்லை, நாற்றம் என் பட்டறையிலிருந்து வருகிறது என்றேன்.

என் வாயிலிருந்து "அவர்கள் மேல் தப்பில்லை" என்ற சொற்களை அந்தத் தெரு கேட்டதே இல்லை. அங்கே நின்ற பச்சைக் காரை ரோஸ்மேரி மேலும் கீழும் பார்த்தாள். யாருடையது என்று கேட்டாள். டாக்டருடையது என்றேன். எந்தக் கம்பெனி டாக்டர் என்றாள். பல் டாக்டர் என்றேன், நம்பவில்லை. திங்கட்கிழமை அவர்களே கலெக்டர் ஆபீஸுக்குப் போய் மனு கொடுத்தார்கள். எங்கள் தெருவிலிருந்து என் பெயர் இல்லாமல் போன முதல் மனு அது. போகிற போக்கில் பட்டறை வாசலில் நின்று ரோஸ்மேரி சொன்னாள்: "வெலைக்குப் போறவங்க கூட ரெண்டு நாள் யோசிப்பாங்கண்ணே, நீ ஒரு காரைப் பாத்ததும் போயிட்டியே."

போல்ட்டின் வேலைநிறுத்தம்

அன்றே பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். கீழ வீதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் கபீர் பாய் எனக்குப் பழைய சிநேகிதர். குழியின் அளவைக் காகிதத்தில் அச்செடுத்துக் கொண்டு போயிருந்தேன். அவர் இரும்புத் துண்டைச் சதுரமாகக் கடைந்துகொண்டே, டாக்டரிடம் பல் கட்ட வந்தவர்கள் மூலம் செய்தி தமக்கும் எட்டிவிட்டது என்றார். கம்பெனி எனக்கு வெளிநாட்டுக் கார் பரிசளித்திருக்கிறதாம்.

லேத்திலிருந்து உதிர்ந்த இரும்புத் தூளையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை போனபோது கூட நான் இப்படி நிற்கவில்லை. அன்றைக்குத் தெரு என் பக்கம் இருந்தது. கபீர் பாய் அதைப் பார்த்திருக்க வேண்டும். பேச்சை மாற்றினார். சூடு காட்டியும் மூடி இளகவில்லையா என்று கேட்டார். இல்லை, சுத்தியால் தட்டியும் பார்த்துவிட்டேன் என்றேன். சாவியை என் கையில் வைத்துச் சொன்னார்: "உங்க கை ஜாஸ்தி பட்டுடுச்சு தோழரே, அதுவும் ஸ்ட்ரைக்ல உக்காந்துடுச்சு."

சாட்சிகள் முன்னிலையில்

மறுநாள் சாயங்காலம் கடைசியாக ஒரு முறை சூடு காட்டி, புதுச் சாவியைக் குழியில் பொருத்தி, நானும் ஆரோக்கியமும் சேர்ந்து தொங்கினோம். மூடி ஒரு முனகலோடு திரும்பியது. கூடவே உள்ளே மண்டியிருந்த புகை அத்தனையும் வெளியே வந்தது. அப்போது பார்த்து வாசலில் ஒரு ஜீப் நின்றது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓர் இளம் அதிகாரி இறங்கினார். மனுவில் எழுதிய நாற்றத்தைத் தேடி வந்தவர். மூடிக் கிடந்த கம்பெனி கேட்டில் மோந்து பார்த்து, அங்கே நாற்றம் இல்லாததால், காற்றுக்கு எதிராக வாடையைப் பிடித்து என் பட்டறைக்கு வந்து சேர்ந்திருக்கிறார். நாற்றம் இருக்கும்போதே ஓர் அதிகாரி வந்ததை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். அவருக்குப் பின்னால் தெரு முழுவதும் வந்து நின்றது.

அதிகாரி குனிந்து குடத்தைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "இதுதானா? சின்ன விஷயம் பெரியவரே. எழுதறதெல்லாம் வேணாம். மூடி வையுங்க, நான் ஒண்ணுமில்லன்னு போட்டுட்டுப் போறேன்."

"ஒண்ணுமில்லன்னு போடாதீங்க" என்றேன். "எழுதுங்க. என்ன வாடை, எங்க இருந்து வந்துது, யாரு காரணம், எல்லாம் எழுதுங்க. சாட்சி ரெண்டு பேர் கூப்புடுங்க. எழுதினதைச் சத்தமா படிங்க."

"உங்க மேலதான் பெரியவரே எழுதணும்."

"அதத்தான் கேக்கறேன்."

ஆரோக்கியம் என் சட்டையை இழுத்தான். "மாமா, போறவரைப் புடிச்சு கேஸு வாங்கிக்கிறீங்களே." நான் கையைத் தட்டிவிட்டேன். அதிகாரி ஜீப்பின் முகப்பில் காகிதத்தை வைத்து எழுதினார். ஒரு சாட்சி ஆரோக்கியம். இன்னொரு சாட்சியாக ரோஸ்மேரியை நானே கைகாட்டினேன். பிறகு அவர் படிக்கத் தொடங்கினார். கூட்டத்தின் பின்வரிசையில் காது கேளாதவர்களும் உண்டு, இன்னும் உரக்க என்றேன். மேற்படி பகுதியில் வீசிய துர்நாற்றத்துக்கும் தொழிற்சாலைக்கும் தொடர்பில்லை, அது ஒரு காரின் டிஃபரன்ஷியலைச் சூடாக்கியதால் எழுந்தது என்று படித்தார்.

ரோஸ்மேரி காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குடத்தருகே போய் மோந்துவிட்டு வந்தாள். "அப்ப நீ ஒண்ணும் வாங்கலியாண்ணே? நெசமாவே நாறவுட்டது நீதானா?"

பதில் சொல்ல வேண்டியவர் காகிதத்தோடு எதிரில் நின்றார். ஆயுள் முழுக்க நாற்றத்துக்குப் பொறுப்பானவன் பெயரைச் சொல்லு என்று அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தவனுக்கு, ஒருவழியாக நீதி கிடைத்து, தெருவே சாட்சியாக நிற்க, அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "பொறுப்பாளர், ம. சூசைமாணிக்கம்."