அக்கா வண்டியில் நான் கட்டிய அட்டை

என் அக்கா முப்பத்தோரு வருடமாகத் தபால் கொடுக்கிறாள். ஐம்பத்தேழு வயதிலும் சைக்கிளில்தான். ஊரின் மேட்டுப் பக்கத்து ஒன்பது தெருக்கள் அவள் பொறுப்பு. அதை வேறு யாரும் கேட்டு வாங்கியதில்லை, ஏறி முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். அவளோ அந்த மேட்டைத் தன் சொத்துபோலப் பேசுவாள். எந்த வீட்டு நாய் எப்போது தூங்கும், எந்த வாசலில் அழைப்புமணி வேலை செய்யாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, அவளைப்போல ஒரு தபால்காரி இந்த ஊருக்கு இனி வாய்க்கமாட்டாள்.

நான் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். கூட வேலை பார்ப்பது என் மனைவியின் தம்பி. ஸ்பேனர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். சர்வீஸுக்கு வண்டி வந்தால் ஓர் அட்டையில் இரண்டு வார்த்தை எழுதி சீட்டுக்கு அடியில் கட்டிவிடுவேன். அதைப் பார்த்து அவன் வேலையை முடிப்பான். நடுவில் பார் இல்லாத வண்டி என்றால் ‘லேடீஸ்’. ஓட்டுகிறவருக்குத் தலை நரைத்திருந்தால் ‘பெருசு’. பெருசு என்று கண்டதும் ஸ்பேனர் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுவான். உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டுமாம். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இடுப்பு வலியோடு பாரைத் தாண்டிக் காலைப் போட முடியாமல் எங்கள் தெருத் தையல்காரர் இரண்டு முறை விழுந்தார். பார் இல்லாத வண்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். “என்னைப் போய் லேடீஸ் வண்டி ஓட்டச் சொல்றியே!” என்று ஒரு வாரம் என் முகத்தில் விழிக்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். சிரித்ததோடு விட்டுவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன் அக்கா தன் வண்டியைக் கடையில் விட்டுப் போனாள். சீட் கிழிந்துவிட்டது, புதிது போட்டு வை என்று அவசரமாகச் சொல்லிவிட்டு ஓடினாள். நான் கைப்பழக்கத்தில் அட்டை எழுதிக் கட்டினேன். அதன் பிறகு அவள் தினமும் தாமதம். மேட்டுத் தெருவில் பாதி தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதை நானே பார்த்தேன். அவள் முழங்காலில் தைலம் மணத்தது.

போஸ்ட்மாஸ்டர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “அம்மா, பன்னிரண்டே முக்காலுக்கு முடிய வேண்டியது ஒன்றரை ஆகுது. வெள்ளிக்கிழமை நானே கூட வந்து பாக்குறேன். முடியலன்னா உள்ள கவுன்ட்டர்ல உக்காந்துக்குங்க. வயசாச்சுல்ல, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அன்று கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தவள், “எனக்கு வயசாயிடுச்சுடா தம்பி” என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. ஆறுதலாக ஏதோ உளறினேன்.

வியாழக்கிழமை நடுவழியில் டியூப் பஞ்சர். அவளே வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்திருக்கிறாள். ஸ்பேனர் கழற்ற மறந்த அட்டை சீட்டுக்கு அடியில் கண்ணில் பட்டிருக்கிறது. வேலை முடிந்ததும் நேராகக் கடைக்கு வந்தாள். வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற அதே குரலில், “தபால்!” என்றாள். என் கையில் அட்டையை வைத்தாள். ‘லேடீஸ் பெருசு’ என்றிருந்தது.

“யாரு கையெழுத்துடா இது?”

“என்னுதுதான்க்கா.”

“இதைப் பாத்துட்டு என்ன பண்ணீங்க?”

ஸ்பேனர் தலையைச் சொறிந்தான். “சீட்டை எறக்குனேன்க்கா. எப்பவும் செய்யறதுதான்...”

“எம்புட்டு?”

“ரெண்டரை இஞ்சு இருக்கும்.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பெடலைக் கீழே இறக்கி அதன்மேல் குதிகாலை வைத்தாள். சீட் உயரம் சரியென்றால் கால் நேராக நீளவேண்டும். முழங்கால் மடங்கியே நின்றது. மூன்று மாதம் இப்படி மடக்கியே மேடு ஏறியிருக்கிறாள்.

“புது சீட்டு, பழகிடும்னு நெனச்சேன். வலி வந்ததும் வயசுன்னு நெனச்சேன்” என்றாள். பிறகு குரல் ஏறியது. “முப்பது வருஷமா இந்த வண்டியை நான் ஓட்டுறேன். காலை அளக்க உனக்குத் தோணல. ரெண்டு வார்த்தை எழுதிட்டே, என் தெருவே போயிருக்கும்!”

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “வாய்ல வர்ற பேச்சுதானேக்கா” என்று ஸ்பேனர் முனகினான். “வாயோட நின்னுருந்தா பரவால்ல, உன் கைக்கு வந்துடுச்சே” என்றாள். நானே சீட்டைத் தூக்கினேன். குதிகாலை வைக்கச் சொல்லி, கால் நேராக நீள்கிறவரை மூன்று முறை சரிபார்த்து முடுக்கினேன். போகும்போது அட்டையை என்னிடமிருந்து வாங்கித் தபால் பையில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு மேட்டு உச்சியில், கடைசி வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் முழங்காலில் மூன்று மாத வலி மிச்சமிருந்தது, ஒரே நாளில் போய்விடாது. பன்னிரண்டு இருபதுக்கு அவள் வளைவில் திரும்பினாள். வண்டியைத் தள்ளவில்லை. எழுந்து நின்று மிதிக்கவும் இல்லை. உட்கார்ந்தபடியே, மூச்சு வாங்க, சீராக மிதித்து ஏறினாள். வழியில் ஒவ்வொரு வாசலிலும் இறங்கினாள், கொடுத்தாள், ஏறினாள். பின்னால் ஸ்கூட்டரில் வந்த போஸ்ட்மாஸ்டர் நிறுத்துவதும் கிளப்புவதுமாக வியர்த்துப்போயிருந்தார். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் நடுத்தெருவில் விசிலடித்தேன்.

கடைசித் தபாலைக் கொடுத்துவிட்டு அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு முப்பத்திரண்டு.

“மேட்டுத் தெரு உங்களுக்கே இருக்கட்டும்மா” என்றார்.

“என்னுதுதான் சார் அது” என்றாள்.

இப்போது அட்டையில் கால் அளவும் செய்யவேண்டிய வேலையும் மட்டும்தான். தையல்காரர் பார் இல்லாத வண்டிக்கு மாறிவிட்டார். ஸ்பேனர் அதை ‘தாழ்ந்த வண்டி’ என்கிறான், பாதி நாள் வாய் தவறி லேடீஸ் என்கிறான், நாக்கைக் கடித்துக்கொள்கிறான்.

அந்த வெள்ளிக்கு மறுநாளே அக்கா மறுபடி கடைக்கு வந்து “தபால்!” என்றாள். அதே பழைய அட்டை. பின்பக்கத்தில் அவள் கையெழுத்தில் ‘கடைசி வீடு, 12.32’ என்றிருந்தது. சுவரில் ஒட்டப் பசையை எடுத்தேன்.

“எந்தப் பக்கம்க்கா தெரியணும்?”

“ரெண்டும்” என்றாள்.

பசையை வைத்துவிட்டு, ஒரு பழைய ஸ்போக்ஸ் கம்பியில் கோத்து என் வேலை மேசைக்கு மேலே தொங்கவிட்டேன்.