கயிறு கட்டாமல் ஏறிய மேடு

ஜீப் வாங்கிய நாளிலிருந்து அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். நாள், கிளம்பிய நேரம், மழையா வெயிலா, எந்தப் பாதை, என்ன பழுது. கடைசிக் கட்டம் 'கயிறு'. வேறு வண்டி கயிறு கட்டி இழுத்ததா என்று குறிப்பதற்கு. கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் நான் கிளார்க். எந்தக் காட்டில் எந்த வாரம் கவாத்து என்று பதினாறு வருடமாக எழுதுகிற கை சும்மா இருக்காது.

ஃபோர் வீல் டிரைவ்தான், ஆனால் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது. உயரம் கூட்டவில்லை, டயர் மாற்றவில்லை. நான் ஓட்டிப் பழகி நான்கு மாதம். கோயம்புத்தூரிலிருந்து மலைப்பாதை ஓட்ட வரும் குழுவின் தலைவர் ஹார்டுவேர் கடைக்காரர். அவர்கள் வண்டிகளின் டயர் என் இடுப்புக்கு வரும். நானும் வரட்டுமா என்று கேட்டதற்குத் தலைவர் சொன்னார்:

"ஏனுங்கக்கா, இது மார்க்கெட்டுக்குப் போற வண்டி. சரி, வாங்க. ஆனா ஒருக்கா கயிறு கட்டுனா சாவி எங்க கைக்கு வந்துரும். அப்பறம் பக்கத்து சீட்டுலதான் நீங்க வரோணும்."

ஒத்துக்கொண்டேன். எஸ்டேட்டுக்குள் ஓட்ட மானேஜரிடம் அனுமதி வாங்கித் தந்ததே நான்தான் என்பதை அவர் மறந்திருந்தார்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. மூன்று நாள் மழை அன்று காலைதான் விட்டிருந்தது. ஃபேக்டரிக்குப் பின்னாலிருந்து மேட்டுக்காடு வரை ஏற வேண்டும். ஐந்து வண்டிகள் முன்னால் போயின. மூன்றாவது வளைவில், ஒழுங்கான ரோட்டில் ஓட்டிய பழக்கத்தில், இருந்த தடத்துக்குள்ளேயே சக்கரத்தை இறக்கினேன். அதுதான் தப்பு. அது கொழுந்து ஏற்றும் டிராக்டரின் தடம். டிராக்டரின் வயிறு உயரம், என் ஜீப்பின் வயிறு தாழ்வு. இரண்டு தடத்துக்கும் நடுவிலிருந்த மண்மேட்டில் வண்டி உட்கார்ந்துகொண்டது. நான்கு சக்கரமும் சேற்றில் சும்மா சுற்றின. மணி 8.50.

தலைவர் கயிற்றோடு இறங்கி வந்தார். "சாவியக் குடுங்கக்கா."

"இன்னும் கயிறு கட்டலீங்களே."

"கட்டாம எப்படி வெளிய வருவீங்க?"

"அது என் கவலைங்க. நீங்க மேல போய் டிபன் சாப்புடுங்க."

"அக்காளுக்கு பஸ் டைம் கேட்டுட்டு வரட்டுங்களா?" என்றார் அவர் பின்னால் இறங்கி வந்த ஒருவர். சிரித்தார்கள். இன்று ஒரு முறை கொடுத்தால் இனி எல்லா ஞாயிறும் எனக்குப் பக்கத்து சீட்டுதான். சாவியை ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டு மண்வெட்டியை எடுத்தேன்.

அந்த வளைவு எனக்குப் புதிதல்ல. போன மழைக்காலத்தில் டிராக்டர் நான்கு முறை அங்கே மாட்டியது. ஃபேக்டரிக்குக் கொழுந்து பிந்தியதால் நான்கையும் நான்தான் எழுதினேன். நான்கு முறையும் கவாத்தில் வெட்டிப்போட்ட குச்சிகளைச் சக்கரத்தடியில் போட்டே வெளியே வந்தது. வளைவுக்கு மேலிருந்த காட்டில் கவாத்து முடிந்தது போன வியாழன். அதுவும் என் எழுத்துதான்.

நடுமேட்டை வெட்டினேன். டயர்களில் பாதிக் காற்றைப் பிடுங்கினேன். செடிகளுக்கடியில் கிடந்த குச்சிகளை அள்ளி வந்து போட்டேன். வண்டி ஒரு முழம் நகர்ந்தது, குச்சியைப் பின்னால் துப்பியது, மறுபடி உட்கார்ந்தது. தலைவர் கயிற்றின் கொக்கியைத் தட்டிக் காட்டினார்.

மேலே விறகு பொறுக்க வந்திருந்த, தொழிலாளர் லயத்துப் பெண் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அந்தக் குச்சிக்கு அவர்கள் பேச்சில் மிலாறு என்று பெயர்.

"எங்க அடுப்பு மிலாற ரோட்டுல போட்டுட்டீங்களே, கிளார்க்கம்மா."

"எடுத்துக் குடுத்தர்றேன்."

"சேத்தோடயா? போட்டதுதான் போட்டீங்க, குறுக்கால போடுங்க. நெடுக்கப் போட்டா வழுக்காம என்ன செய்யும்?"

குறுக்கே போட்டேன். தாழ்ந்த கியரில் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் விட்டேன். குச்சிகள் நொறுங்கின. முன்னால் ஏதோ கிழிந்தது. வண்டி ஊர்ந்து மேலே வந்தது. நிறுத்தினால் மறுபடி புதையும், நிறுத்தவில்லை. தலைவர் கயிற்றோடு தேயிலைச் செடிக்குள் ஏறி வழி விட்டார். மணி 10.15.

உச்சியில் அவர் வந்து சேர்ந்ததும் சொன்னார்: "உங்க பம்பர் கீழ கெடக்குதுங்க."

"திரும்பறப்ப எடுத்துக்கறனுங்க. அதையும் நானே தூக்கிக்குவேன்."

இறங்கும்போது பம்பரைப் பின்சீட்டில் போட்டேன். நல்ல மிலாறு ஒரு கட்டு சேர்த்து லயத்தில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். பழுது: முன் பம்பர். கயிறு: கட்டவில்லை.

அடுத்த ஞாயிறும் பம்பர் இல்லாமலே போனேன். சாவி என்னிடம்தான் இருந்தது.