பெயர்ப் பலகை படித்த ராஜமேரி

ராஜமேரி சும்மா உட்கார்ந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் மானாவாரி நிலம், ஒரு கறவை மாடு, நாலு ஆடு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் ஊர் நியாயம் முழுக்கப் பேசி முடிக்காமல் எழுந்திருக்காத கணவர் ஞானராஜ், ஓசூர் கம்பெனியிலிருந்து வாராவாரம் அழுக்குத் துணி மூட்டையோடு வந்து இறங்கும் மகன் இனிகோ. இத்தனையையும் வைத்துக்கொண்டு எங்கே உட்காருவது?

ஓயாமல் ஓடிய அந்தக் கால்தான் இப்போது மக்கர் செய்தது. முட்டி எலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லாரும் முழந்தாளிடும்போது அவள் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அரைகுறையாகக் குனிந்து சமாளித்தாள். வெளியில் மூச்சு விடவில்லை.

காரணம், சாவி.

அவர்கள் தெருவில் மகளிர் குழு வருடத்துக்கு ஒரு நாள் வேன் வைத்து வெளியூர் போகும். ஆம்பிளைகள் காலையிலேயே வேலைக்கும் டீக்கடைக்கும் கிளம்பிவிடுவார்கள். எல்லா வீட்டுச் சாவியையும் ஒருத்தி வாங்கி வைத்துக்கொண்டு, ஆடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சாயங்காலம் கோழிகளை அடைக்க வேண்டும். நடக்க முடியாதவள் யாரோ, அவள் தலையில்தான் அந்த வேலை விழும். சென்னம்மாள் பாத்ரூமில் வழுக்கி விழுந்த வருடம் அவள் கைக்குச் சாவி போனது. கால் எப்போதோ சரியாகிவிட்டது. சாவி மட்டும் அவள் கையிலேயே தங்கிவிட்டது. "வர்றீங்களாக்கா?" என்று அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

இந்த வருடமும் ராஜமேரி தன் சாவியைச் சென்னம்மாளின் கையில் போட்டாள். முகத்தைப் பார்க்காமல் வேனில் ஏறினாள். ஏறும்போது முட்டி சுளீரென்றது. இருமுவதுபோல் சத்தம் கொடுத்துச் சமாளித்தாள்.

பென்னாகரம் தாண்டி ஒரு மரப்பூங்கா. ஊர்க்காட்டு மரங்களையெல்லாம் வரிசையாக வளர்த்து, நடுவே நடைபாதை போட்டு, ஒவ்வொரு மரத்துக்கும் பலகை வைத்திருந்தார்கள். கடைசியில் ஒரு மேடு, அதன்மேல் ஏறிப் பார்க்க ஒரு கோபுரம். குழுத் தலைவி பானுமதி வேனைவிட்டு இறங்கியதுமே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். அவள் நடந்தால் பின்னால் வருகிறவர்கள் ஓட வேண்டும்.

முதல் மரத்தடியிலேயே ராஜமேரிக்கு வழி கிடைத்துவிட்டது. பலகை முன்னால் நின்றாள். உரக்கப் படித்தாள்.

"நீர்மருது. ஆத்தங்கரையில வளருமாம். பட்டை மருந்துக்கு ஆவுமாம்."

படித்து முடிப்பதற்குள் கால் கொஞ்சம் ஆறியது. அடுத்தது இலுப்பை. அதற்கடுத்து வெப்பாலை, உசில், கருங்காலி. ஒன்றையும் விடவில்லை. தமிழில் படித்து முடித்தபின் கீழே இருந்த இங்கிலீஷ் எழுத்தையும் புரிந்ததுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க்கா, பரிச்சைக்குப் படிக்கறீங்களா?" என்று முன்னாலிருந்து பானுமதி கத்தினாள்.

"உன்ன மாதிரி ரயிலு வண்டியாட்டம் போறதுக்கா வந்தன்? காசு குடுத்திருக்குதில்ல, படிச்சுட்டுதான் வருவன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு அது வசதியாகப் போயிற்று. நிழலாக இருந்தது, காற்று வந்தது. உள்ளபடியே மரங்களும் பிடித்துப்போயின. வீட்டில் விறகாக மட்டுமே பார்த்த உசிலுக்கு இத்தனை அழகான இலையா என்று தோன்றியது.

மேட்டுக்குப் போகும் வழி ஏற்றமாகத் திரும்பியது. அங்கே மரமும் குறைவு, பலகையும் குறைவு. பாதி ஏறியதும் முட்டி பூட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டது. எட்டிய தூரத்தில் ஒரு கம்பம். அதைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மாதாவே மாதாவே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு நின்றாள்.

ஆளைக் காணோமே என்று பானுமதி திரும்பி வந்தாள்.

"அது என்ன மரங்க்கா, இவ்வளோ நேரம் படிக்கறீங்க?"

ராஜமேரி கண்ணைத் திறந்து நிமிர்ந்து பார்த்தாள். கம்பத்தின் மேலிருந்த பலகையில் 'கழிப்பறை' என்று எழுதி, பக்கத்தில் அம்புக்குறி போட்டிருந்தது. சுற்றிலும் மரமே இல்லை.

பானுமதி சிரிக்க ஆரம்பித்தாள். ராஜமேரியின் நெற்றியில் வழிந்த வேர்வையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"முட்டியா?"

"ஆமா."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருசமா. போதுமா?"

"சொல்றதுக்கென்னங்க்கா? இந்த நெலமைல எதுக்கு அலையணும்? அடுத்த வருசம் பேசாம சென்னம்மாக்கா கூட வூட்டுல இருந்துக்குங்க. சாவிய ஆளுக்குப் பாதியா..."

இரண்டு வருடமாக எந்தச் சொல்லுக்குப் பயந்தாளோ அது வந்துவிட்டது. வந்தபின் பார்த்தால் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. திரும்பி, பாதையோரக் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து இறங்கி, சோற்றுக் கூடையை இறக்கி வைத்திருந்த இலுப்பை மரத்தடியில் போய்ச் சட்டமாக உட்கார்ந்தாள். பானுமதி பின்னாலேயே வந்தாள்.

"இங்க பாரு பானு. எனக்குக் கோபுரம் வேணாம். இந்த மரத்தடி போதும். நீங்க போயிட்டு வாங்க, நான் சோத்துக் கூடயப் பாத்துக்கறன். ஒக்காந்து பாத்தா டூருல சேராதா? ஆனா வூட்டுல இருக்க மாட்டன்."

"அப்ப சாவி?"

"பூட்டுன வூட்டுக்கு என்னாத்துக்குக் காவலு? நம்ம ஆளுங்க டீக்கடைல ஒக்காந்து எந்த நாட்டக் காப்பாத்தறாங்க? ஒரு நாளு ஆட்டுக்குத் தண்ணி காட்டட்டும். சென்னம்மாக்காளும் வரட்டும். எனக்குப் பேச்சுத் தொணைக்கு ஆளு வேணும்."

பானுமதி தானும் மெதுவாகத் தரையில் உட்கார்ந்து குதிகாலைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கென்னா?"

"குதிகா வலிங்க்கா. நின்னா ரொம்ப வலிக்குது, அதான் வேகமாப் போறன்."

"அடிப்பாவி" என்றாள் ராஜமேரி. எலுமிச்சைச் சோற்றுக் கூடையைத் திறந்தாள்.

கோபுரம் ஏறியவர்கள் திரும்பி வரும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். நடுவில் சென்னம்மாள் போன் செய்தாள். ஆடு தண்ணீர் குடித்துவிட்டதாம்.

"அங்க என்னா இருக்குது மேரி?"

ராஜமேரி ஒவ்வொரு மரமாகச் சொல்லிக்கொண்டே போனாள். நீர்மருது, வெப்பாலை, கருங்காலி. மறுமுனையில் உம் கொட்டும் சத்தம் மட்டும் வந்தது.

"அடுத்த வருசம் நீயே வந்து பாருக்கா. நான் எடம் புடிச்சு வெச்சிருக்கறன்."

"செருப்பு ஒண்ணு நல்லதா வாங்கணும்" என்றாள் சென்னம்மாள்.

ஊர் திரும்பும்போது விளக்கு வைத்திருந்தார்கள். தன் சாவியை வாங்கிக்கொண்டு ராஜமேரி நேராக டீக்கடைக்குப் போனாள். ஞானராஜ் ஏதோ நியாயத்தின் நடுவில் இருந்தார். அவர் கையில் சாவியைத் திணித்தாள்.

"என்ன இது?"

"அடுத்த வருசம் தெருவு சாவி பூரா உங்ககிட்டதான். இப்பவே பழகிக்குங்க. போயி வூட்டத் தெறந்து, மாட்டுக்குத் தீனி போடுங்க."

சொல்லிவிட்டு அவர் எழுந்த இடத்தில் உட்கார்ந்தாள். முட்டியை நீட்டிக்கொண்டு, சர்க்கரை கம்மியாக ஒரு டீ சொன்னாள்.